“யார்?” என்ற ஒரு கேள்வி: பாதுகாப்பு ஒத்துழைப்புக் கட்டுரைப் போட்டிக்கு எழுதப்போகும் மாணவிக்கு

தேவகோட்டையில் இளங்கலை இரண்டாமாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். ‘சர்வதேசப் பாதுகாப்பு ஒத்துழைப்பு’ பற்றி மாணவர்களுக்கான கொள்கைக் கட்டுரைப் போட்டி ஒன்று வந்திருக்கிறது, 1,500 சொல் எழுத வேண்டும். பள்ளியில் பேச்சுப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் எழுதிய பழக்கம் அவருக்கு உண்டு. ஆனால் கொள்கைக் கட்டுரை என்றால் என்ன, டெல்லியிலும் சென்னையிலும் படிக்கிறவர்களுக்கு நடுவில் நம் ஊரிலிருந்து எதைத்தான் எழுத முடியும் என்பது அவருடைய சந்தேகம்.

நான் காரைக்குடிக்காரன். அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட கட்டுரைகளைப் பல வருஷம் திருத்தியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. கல்லூரியில் படிக்கும்போது உலக அமைதி பற்றி ஒரு போட்டிக்கு எழுதினேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கணியன் பூங்குன்றனாரின் அந்த வரியில் தொடங்கினேன். மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம் என்கிறார்கள். நம் மாவட்டத்துக்காரரை விட மனசு வருமா? நடுவில் நாடுகள் ஒன்றுசேர வேண்டும், பயங்கரவாதம் வேரறுக்கப்பட வேண்டும், ஐ.நா. வலுப்படுத்தப்பட வேண்டும் என்று அடுக்கினேன். முடிவிலும் அதே வரி. பரிசு வரவில்லை, தாள் திரும்பி வந்தது. எல்லா ‘வேண்டும்’களுக்கும் அடியில் சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் ஒரே ஒரு சொல்: “யார்?”

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நானே திருத்த உட்கார்ந்தபோது, அந்த ஒரு சொல்லைத்தான் அதிகம் எழுதியிருப்பேன்.

கொள்கைக் கட்டுரை என்பது ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் மேசைக்குப் போகிற குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சில அதிகாரங்கள் உண்டு, பல அதிகாரங்கள் கிடையாது. கையில் இருப்பது பத்து நிமிஷம். பிரச்சினை என்ன, இதுவரை என்ன செய்து பார்த்தார்கள், அது ஏன் போதவில்லை, இனி இவர் என்ன செய்யலாம், அதற்கு என்ன செலவு, யார் குறுக்கே நிற்பார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தலைப்பில் ‘ஒத்துழைப்பு’ என்று இருப்பதால் இன்னொன்றும் சேருகிறது. அடுத்த நாடு இதற்கு ஏன் சம்மதிக்கும்? உங்கள் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஊருக்குள் சண்டை என்றால் காவல் நிலையம் இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படி ஒரு நிலையம் கிடையாது. ஒரு நாடு சேருகிறது என்றால் தனக்கு லாபம் தெரிந்துதான் சேருகிறது.

சொற்களில் ஒரு எச்சரிக்கை. கூட்டுப் பாதுகாப்பு, கூட்டுத் தற்காப்பு, பாதுகாப்பு ஒத்துழைப்பு மூன்றும் ஒன்றல்ல. ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயம் சொல்வது முதல் வகை: உறுப்பு நாடுகளில் யார் அமைதியைக் குலைத்தாலும் மற்றவர்கள் சேர்ந்து தடுப்பது. 1949-ல் பிறந்த நேட்டோ இரண்டாவது வகை: வெளியிலிருந்து ஒருவரை அடித்தால் எல்லாரையும் அடித்த மாதிரி. இதைச் சொல்லும் அதன் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. மூன்றாவது வகைதான் உங்கள் தலைப்பு. தகவல் பகிர்வது, சேர்ந்து ரோந்து போவது, குற்றவாளியை ஒப்படைப்பது, பேரிடரில் கப்பல் அனுப்புவது எல்லாம் இதில் வரும். எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லாத இந்தியா அதிகம் செய்வது இந்த மூன்றாவதைத்தான். மூன்றையும் குழப்பினால் நடுவர் இரண்டாம் பக்கம் போக மாட்டார்.

சரி, ஒத்துழைப்பு நிஜத்தில் எப்படி நடக்கிறது? ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்த்துவிடுவோம், மலாக்கா நீரிணை. நம் பாட்டன்மார் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய வழிதான். 2000-களின் தொடக்கத்தில் அங்கே கடற்கொள்ளை மிகுந்தது. கரையில் இருக்கும் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒன்றையொன்று முழுசாக நம்பாத நாடுகள். எவர் கப்பலும் தன் எல்லைக்குள் வருவதை எவரும் விரும்பவில்லை. 2004-ல் அமெரிக்கப் படையே வந்து காவல் பார்க்கலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் உடனே மறுத்தன. வெளியாள் வரக் கூடாது என்றால் நாமே ஏதாவது செய்து காட்டியாக வேண்டும், இல்லையா? அந்த ஆண்டு ஜூலையில் மூன்று நாடுகளும் சேர்ந்து ரோந்தைத் தொடங்கின.

‘சேர்ந்து’ என்றால் எப்படி என்பதைக் கவனியுங்கள். நம் பக்கத்து வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவார்கள் அல்லவா? அதே வளவு, அதே கிணறு, அதே முகப்பு, ஆனால் அடுப்பு மட்டும் தனி. அந்த மாதிரிதான். ஒவ்வொரு நாட்டுக் கப்பலும் தன் கடலுக்குள்ளேயே சுற்றும். கொள்ளையன் எல்லை தாண்டினால் அடுத்தவருக்குத் தகவல் போகும். 2005-ல் வானிலிருந்து கண்காணிப்பு தொடங்கியபோது விமானத்தில் மட்டும் பல நாட்டு அதிகாரிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தாய்லாந்து 2008-ல் சேர்ந்தது.

இதற்கு நடுவே 2005 ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க் குழு, மலாக்காவைப் போர் ஆபத்துப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த வழியாகப் போகும் கப்பல்களின் காப்பீட்டுக் கட்டணம் எகிறும் நிலை வந்தது. துறைமுக வருமானத்தை நம்பியிருக்கும் நாடுகளுக்கு இது எந்த மாநாட்டுத் தீர்மானத்தையும்விட நன்றாக உறைத்தது. 2006 ஆகஸ்டில் அந்தப் பட்டியலிலிருந்து மலாக்கா நீக்கப்பட்டது. உங்கள் கட்டுரையில் ‘ஏன் சம்மதிப்பார்கள்’ என்ற பத்திக்கு இப்படிப்பட்ட ஒரு காரணம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனால் ‘ரோந்து வந்தது, கொள்ளை ஒழிந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி சுமத்ராவின் ஆச்சே கரையைத் துடைத்துப் போட்டது. 2005 ஆகஸ்டில் ஆச்சே கிளர்ச்சியாளர்களுக்கும் இந்தோனேசிய அரசுக்கும் அமைதி ஒப்பந்தம் ஆனது. கொள்ளை குறைந்ததில் இவற்றுக்கு எவ்வளவு பங்கு, ரோந்துக்கு எவ்வளவு பங்கு? அந்தச் சந்தேகத்தை நீங்களே கிளப்பி இரண்டு வரி எழுதினால், நடுவர் நிமிர்ந்து உட்காருவார். பரிசு வாங்கிய கட்டுரைகளில் நான் பார்த்த பொது அம்சம் அதுதான்: தன் வாதத்தின் ஓட்டையைத் தானே காட்டும் தைரியம்.

இதே கடலில் இன்னொரு சங்கதி, இது இந்தியாவைப் பற்றியது. 1999 அக்டோபரில் ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற ஜப்பானியக் கப்பல் அலுமினியப் பாளங்களோடு இந்தோனேசியாவிலிருந்து கிளம்பியதும் கடத்தப்பட்டது. மாலுமிகள் 17 பேரைத் தெப்பத்தில் ஏற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள். நல்லவேளை, பிழைத்தார்கள். நவம்பரில் இந்தியக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் அரபிக் கடலில் அந்தக் கப்பலைத் துரத்திப் பிடித்தன. ஒத்துழைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா என்று தோன்றும். பிடித்தவர்களை மும்பை அமர்வு நீதிமன்றம் 2003-ல் தண்டித்தது. 2005-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கடற்கொள்ளைக்கென்று நம்மிடம் அப்போது தனிச் சட்டமே இல்லை. அந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆகிவிட்டது. வெளியே எவ்வளவு கை குலுக்கினாலும், வீட்டுக்குள் சட்டம் இல்லாவிட்டால் பிடித்த மீன் நழுவிவிடும். பரிந்துரை எழுதும்போது ‘எந்தச் சட்டத்தின் கீழ்?’ என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, நம் ஊரிலிருந்து எதை எழுதுவது. என்னைக் கேட்டால் மியான்மர் மோசடி வளாகங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பர்மா என்றால் நமக்குத் தேக்குத் தூணும் ரங்கூன் மொகல் தெருவும்தான் ஞாபகம் வரும். இன்றைக்கு நம் பிள்ளைகள் வேறு விதமாக அங்கே போய்ச் சேருகிறார்கள். ‘தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம்’ என்று செல்பேசியில் தகவல் வரும். பாங்காக்கில் இறங்குவார்கள். அங்கிருந்து வண்டியில் எல்லை ஊரான மேசோட். ஒரு ஆறு தாண்டினால் மியான்மரின் மியாவடி. பிறகு கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணையத்தில் ஊர்பேர் தெரியாதவர்களை ஏமாற்றும் வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள். 2022-ல் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் அங்கிருந்து மீண்டு வந்தது செய்தியானது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இப்படி அடைபட்டிருக்கலாம் என்றது. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் இரண்டு நாளில் 549 பேரை மேசோட்டிலிருந்து அழைத்து வந்தார்கள்.

இது பாதுகாப்பு விஷயமா, தொழிலாளர் விஷயமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயத்தில் ஏமாற்றுகிறவனும் நம் ஆள், ஏமாந்து பணத்தை விடுகிறவரும் நம் ஆள், நடுவில் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போகிறது. இதைவிட என்ன வேண்டும்?

போன வருஷம் ஒரு பெண் இதே விஷயத்தை எழுதிக்கொண்டு வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்து படித்தோம். முதல் பரிந்துரை இப்படி இருந்தது: ‘இணையக் குற்றங்களைத் தடுக்க இந்தியாவும் மியான்மரும் இணைந்து செயல்பட வேண்டும்.’

“எந்த மியான்மர், ஆத்தா?” என்றேன்.

“ஒரு மியான்மர்தானே ஐயா இருக்கு?”

அங்கேதான் முடிச்சு. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டின் பல பகுதிகள் தலைநகர் நேப்பிடோவின் கையில் இல்லை. மியாவடிப் பக்கம் உள்ளூர் ஆயுதக் குழுக்கள் வைத்ததுதான் சட்டம். அங்கே கையெழுத்து வாங்கி என்ன பயன்? வேறு பக்கம் பாருங்கள். அந்த வளாகங்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? இணையம், எரிபொருள்? ஆற்றுக்கு இந்தப் பக்கம், தாய்லாந்திலிருந்து. 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அரசு மியாவடி உட்பட எல்லையில் ஐந்து இடங்களுக்கு இவற்றை நிறுத்தியது. அதற்கு அடுத்த வாரங்களில்தான் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். அப்படியானால் இந்தியா முதலில் தட்ட வேண்டிய கதவு பாங்காக்கில் இருக்கிறது. தாய்லாந்து ஏன் கேட்கும்? அதன் வருமானத்தில் சுற்றுலாவுக்குப் பெரிய இடம். இந்தியர்கள் விசா இல்லாமல் வந்து போக 2023 நவம்பரில் அவர்களே வழி திறந்தார்கள். ‘பாங்காக்கில் இறங்கினால் கடத்திவிடுவார்கள்’ என்ற பெயர் அவர்களுக்குத்தான் நஷ்டம். மலாக்காவுக்குக் காப்பீடு மாதிரி இங்கே சுற்றுலா.

அவள் திருத்தி எழுதியது ஏறக்குறைய இப்படி: ‘மியாவடி வளாகங்களுக்கு ஆளும் மின்சாரமும் போகும் வழி தாய்லாந்து. ஆகவே வெளியுறவு அமைச்சகம் 2013-ல் தாய்லாந்தோடு கையெழுத்தான, குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தின் கீழ், ஆள்பிடிக்கும் முகவர்களைப் பற்றிய தகவல்களை இரு நாட்டுக் காவல்துறையும் பகிர ஒரு நிரந்தரத் தொடர்பு அதிகாரியைப் பாங்காக் தூதரகத்தில் அமர்த்தலாம்.’ இப்போது “யார்?” என்ற கேள்விக்கு வேலை இல்லை. வெட்ட வேண்டியது இன்னும் இருக்கிறது, ஆனால் இது கொள்கை.

இன்னொரு ஓட்டையையும் அவளே கண்டுபிடித்தாள், எனக்கு அது தோன்றவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் காக்க 1983-ல் ஒரு குடிபெயர்வுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகச் சிலருக்கு முன் அனுமதி வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அது வேண்டாம், படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்ற கணக்கு. ஆனால் மோசடி வளாகத்துக்காரன் தேடுவதே கணினி தெரிந்த, ஆங்கிலம் தட்டச்சு செய்யத் தெரிந்த பட்டதாரியைத்தான். படிக்காத கொத்தனாருக்குக் கட்டிய வேலிக்கு வெளியே நிற்கிறான் பொறியியல் படித்த பையன். இந்த ஒரு பத்திக்காகவே அவளுக்குப் பரிசு கொடுத்திருக்கலாம். மூன்றாம் இடம்தான் கிடைத்தது.

பாக் நீரிணை மீனவர் பிரச்சினையை எழுதலாமா என்றும் கேட்பீர்கள். தொண்டியும் ஜெகதாப்பட்டினமும் நமக்குப் பக்கம்தான், எழுதலாம். ஆனால் 1974, 1976 எல்லை ஒப்பந்தங்களோடும் கச்சத்தீவோடும் நின்றுவிட்டால் மேடைப் பேச்சாகிவிடும். கடலடியை அரித்துக்கொண்டு போகும் இழுவை மடிக்கு இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை விதித்தது. அதனால் பயன் கிடைக்கும் என்று நம்பியவர்கள் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துத் தமிழ் மீனவர்கள். அவர்கள் வலையும் நம் படகில் கிழிகிறது என்பதை எழுத மனசு இருந்தால் மட்டும் இந்தத் தலைப்பை எடுங்கள்.

செலவைப் பற்றி. நம் பிள்ளைகள் தாண்டிக் குதித்துப் போகிற பகுதி இது. எந்தக் கூட்டு ஏற்பாட்டிலும் கடைசியில் பேச்சு ‘யார் எவ்வளவு கொடுப்பது’ என்பதில்தான் முட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஊர்க் கோயிலுக்குப் புள்ளி வரி என்று ஒன்று உண்டு. கல்யாணமான குடும்பம் ஒன்று ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று பணக்காரருக்கும் இல்லாதவருக்கும் ஒரே கணக்கு. மகமை வேறு: வியாபாரத்துக்குத் தக்கபடி. முதலாவதில் எல்லாருக்கும் சம உரிமை, ஆனால் பணம் குறைவாகத்தான் சேரும். இரண்டாவதில் பணம் சேரும், ஆனால் அதிகம் கொடுத்தவர் குரல் உயரும். ஐ.நா. வழக்கமான வரவு செலவுத் திட்டம் மகமை வழி: ஒரு நாட்டின் பங்கு 0.001 சதவீதத்துக்குக் கீழே போகாது, 22 சதவீதத்துக்கு மேலே போகாது. அந்த மேல் வரம்பில் நிற்பது அமெரிக்கா. அது பணத்தை நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் பரிந்துரை புள்ளி வரியா, மகமையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அந்தச் சொற்களையே கட்டுரையில் போட்டால் எனக்குச் சந்தோஷம். வெளியூர் நடுவருக்கு ஒரு வரி விளக்கம் போதும்.

ஊர்ப் பெருமை கொஞ்சம் வேண்டும், அளவோடு. ‘எம்டன்’ என்று நாம் இன்றும் ஒருவனைச் சொல்கிறோமே, அந்த ஜெர்மன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டது, அக்டோபரில் பினாங்கில் ரஷ்யக் கப்பல் ஒன்றையும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று அதை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பலோடு அந்தக் கடலில் காவலுக்கு வந்தது ஒரு ஜப்பானியக் கப்பல். தொடக்கப் பத்திக்கு இது பிரமாதம், யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் பர்மாவில் நம்மவர் கொடுத்த கடனையும் காட்டிய நாணயத்தையும் மட்டும் பாடாதீர்கள். 1930-களில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாமல் போய், கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கைக்கு வந்தது. பர்மியர் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

ஆதாரத்துக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நாடாளுமன்றக் கேள்வி–பதில்கள், வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தப் பக்கம், ஐ.நா. அறிக்கைகள் எல்லாம் இலவசம். கேள்வி–பதில்தான் தங்கச் சுரங்கம், அமைச்சர் எதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறார் என்றும் அதில் தெரியும். செயற்கை நுண்ணறிவிடம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். அது நான் கல்லூரியில் எழுதியதைப் போலவே எழுதும், எல்லாவற்றுக்கும் ‘வேண்டும்’ போட்டு. போட்டி விதியும் பெரும்பாலும் விடாது.

1,500 சொல்லில் பிரச்சினைக்கு 400 போதும். பரிந்துரை ஒன்றே ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முதலில் முழுக் கட்டுரை எழுத வேண்டாம். யார், என்ன, எந்தச் சட்டத்தின் கீழ், யார் பணத்தில், அடுத்தவர் ஏன் சம்மதிப்பார் என்று ஐந்து வரி எழுதி அனுப்புங்கள். அதில் முட்டு இல்லை என்றால் மற்றதைத் தொடங்கலாம்.